ஜீப் சூடு ஆறும் வரை

பிப்ரவரி 4, திங்கள்

இந்த நோட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும் உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். மாமாவிடம் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். காப்பிக்கொட்டை மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் எடுத்திருப்பீர்கள். அங்கேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

நான் யோகராணி. ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊர் ஊத்துக்காடு. பள்ளிக்கூடம் மேலே தாண்டிக்குடியில் இருக்கிறது, பதினாறு கிலோமீட்டர் ஏற்றம். எங்கள் ஊரிலிருந்து மேலே படிக்கப் போவது நான் ஒருத்திதான். காலையில் அப்பா ஜீப்பில் காப்பி பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார், நானும் அதில் போவேன். சாயங்காலம் அதே ஜீப்பை மாயன் மாமா வத்தலக்குண்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஓட்டுவார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, தங்கமாயன். எங்கள் வீட்டிலேயேதான் இருக்கிறார். மலையில் டீசல் பங்க் கிடையாது. மாமாதான் கீழேயிருந்து கேனில் பிடித்து வந்து, நான் படுக்கும் இந்த அறையின் வாசலில் வைப்பார். விடியற்காலையில் அதைப் புனல் வைத்து ஜீப்பில் ஊற்றுவது என் வேலை.

இன்று பாதி வழியில், வனத்துறைச் சாவடியில், ஜீப் நின்றுவிட்டது. பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்காக அப்பா எஞ்சினை அணைத்தார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பெண்கள் குறுக்குப் பாதையில் தோட்டத்துக்கு நடந்து போய்விட்டார்கள். நானும் அப்பாவும் மட்டும் சாவடிக்கு எதிரே டீக்கடைத் திண்டில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.

சடங்கு முடிந்த பிறகு அப்பா என்னை முன் சீட்டில் உட்கார வைப்பதில்லை. பெண்களோடு பின்னால்தான். பேசுவதும் இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார். இன்று வடை வாங்கிக் கொடுத்தார்.

"நானும் ஒன் பள்ளிக்கூடத்துலதான் எட்டாப்பு வரைக்கும் படிச்சேன். தெரியுமா?" என்றார்.

"தெரியாதுப்பா."

"கணக்கு வாத்தியாருக்கு எம் பேரு ஞாபகமே இருக்காது. 'ஏய், ஊத்துக்காடு'ன்னுதான் கூப்பிடுவாரு. பரீச்சைப் பேப்பர்ல பேரு போடுற எடத்துலயும் அதையே எழுதிக் குடுத்தேன். அன்னைக்கோட படிப்பு போச்சு."

நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். பிறகு சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஆறியிருந்தது, ஒரே திருப்பலில் கிளம்பிவிட்டது.

காலையில் நான் ஒரு சின்னத் தவறு செய்தேன். அதற்கும் ஜீப் நின்றதற்கும் சம்பந்தம் இருக்காது. அதனால் அதை எழுதவில்லை.

பிப்ரவரி 5, செவ்வாய்

இன்று ஜீப் எங்கேயும் நிற்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. வரலாற்றுத் தேர்வு சுமார்.

பிப்ரவரி 7, வியாழன்

மறுபடி சாவடியில் நின்றுவிட்டது. அப்பா பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்து இறுக்கினார். பயனில்லை. சாவடி முன்னால் கொஞ்சம் சமதரை இருக்கிறது. பெண்களைத் தள்ளச் சொன்னார்.

பேச்சியக்கா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கினார். "ஏண்ணே, ஜீப்புல வர்றது நாங்களா, எங்க மேல வர்றது ஜீப்பா? நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. தாண்டிக்குடியில கொண்டுபோயி எறக்கி விட்டுர்றோம்."

"தள்ளு தாயி. வாயால தள்ளுனா போகாது."

"வாயால தள்ளுனா இந்நேரம் கொடைக்கானலே போயிருக்கும்ணே."

எல்லாரும் சிரித்ததில் தள்ளுகிற வேகம் போய்விட்டது. பத்தடிக்கு மேல் ஏற்றம், அங்கே நின்றது நின்றதுதான். பெண்கள் நடந்து போனார்கள். நானும் அப்பாவும் அதே திண்டில் உட்கார்ந்தோம்.

நான் பிறந்த நாளைப் பற்றி அப்பா சொன்னார். அம்மாவுக்கு வலி வந்ததும் இதே ஜீப்பில்தான் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம்.

"வாசல்ல ரெண்டு மணி நேரம் எஞ்சின ஆஃப் பண்ணவே இல்ல. ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆகாதோன்னு பயம். நான் உள்ள நிக்கிறேன். ஒங்க மாமன்தான் நின்னுறக் கூடாதுன்னு ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். பன்னெண்டு வயசு. சீட்டுல உக்காந்தா காலு எட்டாது, நின்னுக்கிட்டே மிதிச்சான். நீ பொறந்துட்டன்னு போயிச் சொல்றேன், 'அப்ப கால எடுக்கவா மச்சான்'ங்கிறான்."

இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. முதல் பாடவேளை போய்விட்டது. டீச்சர் வெளியே நிற்க வைத்தார். பரவாயில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

காப்பிக்கொட்டையைக் கிளறிவிட்டேன். பாத்திரம் கழுவினேன். சாவடியில் நிற்கவில்லை.

பிப்ரவரி 9, சனி

மாமா இன்று முழுக்க ஜீப்போடு இருந்தார். கோயில் ஏற்றம்வரை மூன்று தடவை ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்து வாசலில் அணைத்தார். திரும்பக் கிளம்பவில்லை. அவருக்கு அது சந்தோஷம். வீட்டில் வைத்தே நோயைப் பிடித்துவிடலாம் அல்லவா?

ஹீட்டர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஃபில்டரை மாற்றினார். டீசல் குழாயின் திருகைத் தளர்த்திப் பார்த்தார். குமிழி இல்லாமல் டீசல் வழிந்தது.

"காத்தும் புடிக்கல. தாயி, நீ பின்னாடி போயி நில்லு. நான் செல்ஃப் அடிக்கிறேன், பொகை வருதான்னு பாத்துச் சொல்லு."

போய் நின்றேன். புகை வரவில்லை.

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல மாமா."

"பொகை இல்லன்னா டீசல் உள்ள போகல. டேங்க்ல இருக்கு, குழாயில இருக்கு, உள்ள மட்டும் போகல. ஆறுனா போகுது, சூடானா போகல. இது என்னா வியாதின்னு தெரியலயே."

என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, சும்மா யோசித்துக்கொண்டு கேட்டார்.

ராத்திரி அம்மா சமையலறையில் டிரம்மை ஆட்டிப் பார்த்தார். "போன மாசம் புடிச்ச மண்ணெண்ண, அதுக்குள்ள இவ்ளோ எறங்கிருச்சு. கரண்டும் ஒழுங்கா இருக்குறதில்ல. நீ ராத்திரி வெளக்க வச்சுக்கிட்டு எவ்ளோ நேரம்டி படிக்கிற?"

படிப்பைக் குறைத்துக்கொள்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 11, திங்கள்

சாவடியில் நாற்பத்தைந்து நிமிடம். அப்பா ரொம்ப நேரம் எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு லேட்டாகுதே" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பிப்ரவரி 12, செவ்வாய்

காலையில் சாவடியில் நின்றது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் மாமா வாழைத்தாரோடு கீழே போகும்போது, சித்தரேவில் டயருக்குக் காற்று அடிக்க நிறுத்தியிருக்கிறார். கீழே வெக்கை, எஞ்சின் லேசில் ஆறவில்லை. மூன்று மணி நேரம் ஜீப் அசையவில்லை. மண்டியில் ஏலம் முடிந்துவிட்டது. வாடகைக்கு ஏற்றிய தார், ஊர்க்காரர்களுடையது. எல்லாரும் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார்கள். அப்பா தலையைக் குனிந்து நின்றார்.

சித்தரேவில்தான் மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருக்கிறது. பங்குனியில் கல்யாணம். பெண்ணின் அப்பாவும் வந்து ஜீப்பைத் தள்ளினாராம்.

மாமாவுக்கும் நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

பிப்ரவரி 13, புதன்

வத்தலக்குண்டிலிருந்து மெக்கானிக் இருதயராஜ் அண்ணன் பைக்கில் வந்தார். ஜீப் மேலே போகாததால் நான் பள்ளிக்குப் போகவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிச் சூடாக்கி அணைத்தார். கிளம்பவில்லை. அவர் எதையும் கழற்றவில்லை. "ஒரு சாக்கும் ஒரு கொடம் பச்சத் தண்ணியும் குடுங்க" என்றார்.

சாக்கை நனைத்து எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் டீசல் பம்ப்பின் மேல் போர்த்தினார். மேலே தண்ணீர் ஊற்றினார். ஆவி எழுந்தது. ஐந்து நிமிடம் பீடி குடித்தார். பிறகு சாவியைத் திருப்பினார். ஜீப் கிளம்பிவிட்டது.

மாமா கையைத் தட்டினார். "என்னாண்ணே இது, காய்ச்சக்காரனுக்குத் துணி போட்ட மாதிரி!"

"அதேதான். பம்ப்பு உள்ள தேஞ்சிருக்கு. சூடானா டீசல் தண்ணியா எளகிரும். எளகுனா அந்தத் தேய்மானத்துல வழிஞ்சிரும், எஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற நாசிலுக்குப் போற அளவுக்கு அழுத்தம் வராது. பம்ப்ப ஆத்துனா கெட்டியாகி ஏறும்."

அப்பா கேட்டார்: "போன மாசம் வரைக்கும் நல்லா ஓடுன பம்ப்பு, திடீர்னு எப்பிடித் தேயும்?"

இருதயராஜ் அண்ணன் டேங்க்கிலிருந்து ஒரு சோடா பாட்டிலில் டீசல் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். "தேன் நெறமா இருக்கணும். பச்சையடிக்குது பாருங்க. மோந்து பாருங்க. ரேசன் மண்ணெண்ண, நீலம் கலந்துருக்கு. பழைய பம்ப்பு எப்பிடியோ இழுத்துக்கிட்டு ஓடியிருக்கும். இந்த எளசான எண்ணெயில மாட்டிக்கிருச்சு. யாரு டீசல் புடிக்கிறது?"

அப்பா பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார்.

"நான்தான்" என்றார் மாமா.

அண்ணன் பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்தார். பம்ப்பை அடுத்த வாரம் கழற்றிக்கொள்ளலாம், அதுவரை சாக்கும் தண்ணீரும் வண்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்காமல் போனார்.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டு மண்ணெண்ணெய் குறைகிறதா என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. "ஆமா, பாதி டிரம்மு போச்சு. நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் மாமா கிணற்றடியில் உட்கார்ந்து புனலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். புனலின் உள்பக்கம் நீலமாக ஒரு வளையம் இருந்தது.

"என்ன மாமா பண்றீங்க?"

"அழுக்கு" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

அப்பா மாமாவிடம் கேட்டுவிட்டார். டீசலைக் கீழேயே விற்றுவிட்டு, குறைந்த அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாயா என்று. மாமா இல்லை என்றார். "அப்ப யாரு?" என்றார் அப்பா. மாமா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நாளைக்கு முத்தாலம்மன் கோயிலில் சூடம் அணைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இன்று சாவடியில் ஈரச் சாக்கைப் போட்டார். ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

அந்தச் சின்னத் தவறை இப்போது எழுதிவிடுகிறேன். நான்காம் தேதி காலையில் கேன் சாய்ந்து மூன்று லிட்டர் டீசல் தரையில் கொட்டிவிட்டது. அப்பா கேனில் கரியால் கோடு போட்டு வைத்திருப்பார். அந்தக் கோடுவரை மண்ணெண்ணெய் ஊற்றினேன். திட்டுக்குப் பயந்துதான். ஒரே ஒரு தடவைதான்.

பிப்ரவரி 15, வெள்ளி

சூடம் அணைப்பது என்றால், எரிகிற சூடத்தின் மேல் கையை வைத்து அணைத்துச் சத்தியம் செய்வது. பொய்யாக அணைத்தால் குடும்பம் அழிந்துவிடும் என்பார்கள். அப்பா, அம்மா, நான், மாமா, தார் கொடுத்த இரண்டு பேர், பேச்சியக்கா எல்லாரும் கோயிலில் நின்றோம். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி மாமாவின் முன்னால் நீட்டினார்.

"'நான் செய்யல. செஞ்சது யாருன்னும் எனக்குத் தெரியாது.' இதச் சொல்லி அணை" என்றார் அப்பா.

மாமா கையைக் கொண்டுபோனார். பிறகு நிறுத்தினார். "மொதப் பாதியச் சொல்லி அணைக்கிறேன் மச்சான்."

"ரெண்டாவது?"

"அது வேணாம்."

"ஏன் வேணாம்? செய்யலன்னா யாருன்னு தெரியாதுதான? இல்ல, தெரியும்னா சொல்லு."

"மச்சான், நான் செய்யல. அத ஆயிரம் சூடத்துல அணைக்கிறேன். மத்தது கேக்காதீங்க."

பேச்சியக்கா கூடக் கேலி பேசவில்லை. "ஏப்பா மாயா, ரெண்டு வார்த்தைதான, சொல்லிட்டுப் போயேன்" என்று கெஞ்சினார். அம்மா, "தம்பி, எனக்காகச் சொல்லுடா" என்று அழுதார். மாமா அங்கே இருந்த எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. சூடம் தானாகவே எரிந்து தீர்ந்தது. தட்டில் கருப்பாக ஒரு வட்டம் மிஞ்சியது.

"சாவிய வச்சிட்டுப் போ மாப்ள" என்றார் அப்பா.

மாமா சாவியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு தடவை திறந்தேன். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இல்லை, அதுவும் பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. வரும் வழியில் பேச்சியக்கா கேட்டபோது தேர்வு எப்போது என்று சரியாகப் பதில் சொன்னேனே.

ஒரே ஒரு தடவை என்று நேற்று எழுதியதும் பொய். நான்கு தடவை. நான்காம் தேதி கொட்டியதை மறைக்க ஊற்றினேன். ஏழாம் தேதி, பதினொன்றாம் தேதி, பன்னிரண்டாம் தேதி, ஒன்றும் கொட்டவில்லை. நானாகவே இரண்டு இரண்டு லிட்டராக ஜீப்பில் ஊற்றினேன். சாவடியில் நிற்க வேண்டும் என்று ஊற்றினேன். நின்றால் அப்பா என்னோடு உட்காருவார்.

வேறு காரணம் இல்லை. எழுதிப் பார்த்தால் இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

பிப்ரவரி 16, சனி

சித்தரேவிலிருந்து ஆள் வந்து, கல்யாணத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம் என்று சொன்னார். கோயிலில் நடந்தது அதற்குள் அங்கே போய்விட்டது. தள்ளி வைப்பது என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தமாம், அம்மா சொன்னார். அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் நிற்காமல் உள்ளே போய்விடுகிறார்.

நான் மாமாவிடம் போனேன். துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத" என்றார் உடனே. "பத்தாப்பு முடிக்கிற வழியப் பாரு. ஆக்சிலேட்டர்ல வச்ச கால பாதியில எடுக்கக் கூடாது."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சொல்லாதே என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

டிரம்மில் மிச்சம் இருந்த மண்ணெண்ணெயை அம்மா அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் இருப்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லையாம். டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

மாமா திருப்பூருக்குப் போகிறார். விடியற்காலை முதல் பஸ். பஸ் நிற்கும் ரோடுவரை ஜீப்பில் கொண்டுபோய் விடுங்கள் என்று அம்மா அப்பாவிடம் கேட்டார். நான்கு நாளில் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பா சரி என்றார். பிறகு வெளியே போய் ஜீப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நின்றுகொண்டே மிதித்த பையனை நினைத்திருப்பாரோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும்?

பம்ப் ஏற்கெனவே தேய்ந்ததுதான், இருதயராஜ் அண்ணனே சொன்னார். என்றைக்காவது நின்றிருக்கும். நான்கு நாளாக இதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பம்ப் தேய்ந்ததற்கு யாரும் சூடம் அணைக்கக் கேட்க மாட்டார்களே.

தூங்கவில்லை. அடுத்த அறையில் மாமாவும் தூங்கவில்லை, இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. முதல் பக்கத்துக்குப் போய், யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியதை அடிக்கலாம் என்று பேனாவை வைத்தேன். அம்மா என்ற வரியை அடித்தேன். மாமா என்ற வரியை அடித்தேன். மூன்றாவது வரியில் அழுத்தி அடித்ததில் நிப் பேப்பரைக் கிழித்துவிட்டது. அடித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. கோயிலிலேயே தெரிந்துவிட்டது. படித்தால் அப்பா என்ன செய்வார் என்று தெரியவில்லை. அடித்தால் பரவாயில்லை. இனி என்னோடு பேசவே மாட்டார் என்றாலும்

வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறது. மணி நாலரை இருக்கும். அப்பா கேனைத் தூக்குகிறார். அதற்குள் ஜீப்புக்கு டீசல் ஊற்றும் நேரம் வந்துவிட்டது.

கதவைத் தட்டுகிறார். "யோகா, முழிச்சிருக்கியா? புனல எடுத்துட்டு வா" என்கிறார். கையில் புனல் இருக்கிறது. புனலோடு இந்த நோட்டையும்